மூன்றாவது நுரை

போட்ஸ்ஃபியூர் துறைமுகத்தில்
முடி வெட்டும் கடை ஒன்றுதான். நாற்காலியும் ஒன்றுதான்.
நவம்பர் கடைசியில் சூரியன் விடுப்பில் போய்விடும்.
பிறகு மதியமும் நள்ளிரவும்
என் சன்னலில் ஒரே நிறம்.

அப்படியொரு மதியத்தில் யோருன் வந்தாள்.
காட் மீனை அறுத்துச் சதை பிரிக்கும் ஆலையில்
பதினோரு வருடம்.
கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே கேட்டாள்:
"மொட்டையடிக்க எவ்வளவு?"

விலை சொல்லவில்லை.
தொப்பியை வாங்கி ஹீட்டர்மேல் போட்டுவிட்டுத்
தலையைத் தொட்டேன்.
முடியா அது?
உப்பில் ஊறிக் காற்றில் விறைத்த வலைக்கயிறு.
நுனிகள் இரண்டாய், சில மூன்றாய்ப் பிளந்து
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றன.
உச்சந்தலையில் நகம் கீறிய சிவப்புக் கோடுகள்.

"தினமும் மூன்று தடவை ஷாம்பு" என்றாள்.
"முதலாவது மீனுக்கு.
இரண்டாவது, மீன் போயிற்றா என்ற சந்தேகத்துக்கு.
மூன்றாவது ஓட்வாருக்கு."

ஓட்வார் யாரென்று கேட்கவில்லை.
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
கோடை நடனத்தில் இவளோடு இரண்டு சுற்று ஆடிவிட்டு
மூன்றாவதில் முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டதை
ஊரே பார்த்தது.

"கண்டிஷனர்?"
"அந்த வழவழப்பை நாளெல்லாம் கையில் பிடிக்கிறேன்.
தலையிலும் வேண்டுமா?"

பேசினில் பிடரியைச் சாய்த்தேன்.
முதலில் தண்ணீர், வெறும் தண்ணீர்,
வெதுவெதுப்பாக, அடிமுடி வரை நனையும்படி.
அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான்.
அப்புறம் ஓர் ஐந்து குரோனர் நாணயமளவு ஷாம்பு;
நாணயத்தின் நடுவிலுள்ள ஓட்டையைக்கூடக்
கழித்துக்கொள்ளலாம்.

ஷாம்பு தலைக்கு, யோருன். கூந்தலுக்கு அல்ல.
விரல் நுனி போதும், நகத்துக்கு இங்கே வேலையில்லை.
கீழே வழிகிற நுரை
போகிற போக்கில் கூந்தலையும் விசாரித்துவிட்டுப் போகும்.

கண்ணை மூடியிருந்தாள்.
மீன் அறுக்கிற கைகள்
மடியில், கத்தி இல்லாமல்,
என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன.

இரண்டாவது நுரை, முதலில் போட்டதில் பாதி.
"மூன்றாவது?" என்றாள் கண் திறக்காமல்.
கிடையாது.

முறுக்காமல் தண்ணீரைப் பிழிந்தேன்.
காது மட்டத்திலிருந்து கீழே கண்டிஷனர்,
மேலே ஒரு துளியும் ஏறவிடவில்லை.
நுனிகளுக்குத் தாராளம்.
அடிபட்டவர்களுக்குத்தானே உபசாரம்.
அகலப் பல் சீப்பை நுனியில் வைத்து
விரற்கடை விரற்கடையாக ஏறினேன்.
மேலிருந்து இழுத்தால் சிக்கு இறுகும்;
கீழிருந்து கேட்டால் சொல்லிவிடும்.

அலசுமுன் மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும்.
அப்போதுதான் வந்தது அது.

முதலில் லேசாக.
பிறகு கூச்சமே இல்லாமல்,
பதினோரு வருடத்து காட்,
ஈரலும் செவுளும் குளிர்கால அவசரமும்
ஹீட்டர் மேலிருந்து எழுந்து
கடையைச் சுற்றிப் பார்த்தது.

"அதை எப்போது துவைத்தாய்?"

யோருன் யோசித்தாள்.
யோசித்துக்கொண்டே இருந்தாள்.
"கம்பளி சுருங்கிவிடுமே" என்றாள்.

யார் முதலில் சிரித்தோம் என்று நினைவில்லை.
கண்டிஷனர் அவள் கழுத்தில் வழிந்து
சட்டைக்குள் போனதும் தெரியாமல்
பேசின் குலுங்கக் குலுங்க.
சிரிப்பு நின்ற இடத்தில்
கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.
"பதினோரு வருடம்" என்றாள், கூரையைப் பார்த்து.
"பாவம் என் தலை."

அலசினேன். துண்டால் ஒற்றினேன், தேய்க்கவில்லை.
பிளவுபட்ட நுனியை
எந்த கண்டிஷனரும் ஒட்டவைக்காது என்பதால்
நான்கு விரல் வெட்டிவிட்டேன்.
மீதி முடி அவள் தோளில் வந்து
வெகுநாள் கழித்து ஊர் திரும்பியதுபோல்
உட்கார்ந்தது.

அதே பேசினில், அதே வெதுவெதுப்பில்,
மூன்றாவது நுரையில்
தொப்பி குளித்தது.

இரண்டு தலைக்குக் காசு கொடுத்தாள்.
என் தொப்பியை இரவல் வாங்கிக்கொண்டாள்.
வெளியே பனிவண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றியபடி
அவள் பக்கத்தில் வேகம் குறைத்தது.

யோருன் தெருவைக் கடந்தாள்.
தொப்பியை இறக்கி
காதை மூடிக்கொண்டாள், குளிருக்கு.