அரை டின் நீலம்

நிலையூர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வந்த மூன்றாம் வாரம்
முத்துப்பேச்சி போன் பண்ணினாள்.
மீன்பாசி ஏலம் அவள் குழுவுக்கு விழுந்திருக்கிறது,
வத்தையைப் பார்க்க வரலாமா என்று.
சனிக்கிழமை வாங்க என்றேன்.
வெள்ளிக்குள் பெயிண்ட் காய்ந்துவிடும்.

பின்பக்கம், இடது ஓரம், என் உள்ளங்கை அகலத்துக்கு உளுப்பு.
ஸ்பூனால் சுரண்டியபோது
டீயில் ஊறிய ரஸ்க்குபோல வந்தது.
மரத்தூளும் ஃபெவிக்காலும் குழைத்து அப்பி,
மேலே எம்-சீல், அதன்மேல் பட்டி,
அதற்கும் மேலே வத்தை முழுக்க இரண்டு கோட்டு நீலம்.
சத்தியமாக, எனக்கே அப்புறம் இடம் தெரியவில்லை.

வந்தவள் நிறத்தைப் பார்க்கவில்லை.
உள்ளே தலையை விட்டு முகர்ந்தாள்.
பிறகு கவிழ்க்கச் சொன்னாள்.
கவிழ்த்தோம், நானும் அவள் கூட்டிவந்த டாட்டா ஏஸ் டிரைவரும்.
மஞ்சப்பையிலிருந்து ஒரு திருப்புளி.
அதன் கட்டைப் பிடியால் பலகை பலகையாகத் தட்டினாள்,
தேங்காய் வாங்குகிறவள் மாதிரி
ஒரு காதைச் சாய்த்துக்கொண்டு.
டொக். டொக்.

டீ சொல்லவா என்றேன்.
டொக்.
தொண்டியில வாங்குனது, கடல் பார்த்த மரம் என்றேன்.
டொக்.
மழை வரும்போல இருக்கே என்றேன்.
அவள் வானத்தைப் பார்க்கவில்லை.

அணியத்தில், ஏராவும் பலகையும் சேரும் மூலையில்
சத்தம் மாறியது,
பூசணிக்காய்க்குள் யாரோ இருமியதுபோல.
திருப்புளியைத் திருப்பிப் பிடித்து நுனியை வைத்தாள்.
அழுத்தக்கூட இல்லை.
பிடி வரைக்கும் போனது.

அந்த இடத்தை நான் தொட்டதே இல்லை.
என் நீலத்துக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே யாரோ அடித்த சிவப்பு,
அதற்குக் கீழே தார்,
தாருக்குக் கீழே கிழிந்த கைலித் துணி.
'உங்களுக்குன்னுதான் குடுக்கேன்ண்ணே' என்று
நாலு வருஷத்துக்கு முன்னால்
என் கையைப் பிடித்துக்கொண்ட தொண்டிக்காரர்
அந்த ஓட்டை வழியாகப் பார்த்தார்.
போன மாசியில் இதில்தான்
மகனையும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரையும் ஏற்றி
கண்மாய் நடு வரைக்கும் போனேன்.
மகனுக்கு நீச்சல் தெரியாது.

அவள் பின்பக்கம் வந்தாள்.
இடது ஓரத்தில் ஒருமுறை தட்டினாள்.
நின்றாள்.
இன்னொருமுறை தட்டவில்லை.
திருப்புளியை முந்தானையில் துடைத்துப் பைக்குள் போட்டாள்.

'இருவது சொன்னீங்க.
முன்னாடிக்கு ஆறு கழிச்சுக்கிறேன்.
நீங்க சொல்லாததுக்கு மூணு.'

பதினொன்று எண்ணிக் கொடுத்தாள், பாதி நூறு ரூபாய்த் தாள்.
பலகை மாற்ற ஆள் இருக்கிறதாம்,
மிச்சமெல்லாம் நல்ல மரம்தானாம்.
கயிறு கட்டி ஏற்றிப் போகையில்
கரை மேட்டில் ஒருமுறை நீலம் மின்னி இறங்கிற்று.

பெயிண்ட் இன்னும் அரை டின் கிடக்கே,
நம்ம கேட்டுக்கு அடிச்சிரலாமா என்றாள் வீட்டில்.
குனிந்து கேட்டின் அடியைப் பார்த்தேன்.
பார்த்துக்கலாம் என்றேன்.