தடைக்காலம் கழித்து

முதலில் அது என்னைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டது.
"நேத்து நாற்பது பார் கடன்ல போச்சு" என்று
போனில் சொன்னேன்.
மதுக்கூட உரிமம் பற்றி
நாலு பத்தி எழுதிக் காட்டியது.
பர்ஜானா நாற்காலியிலிருந்து விழாத குறை.
பாண்டி பக்கத்தில்தானே அக்கா,
அது மேல தப்பில்லை என்றாள்.

ஐஸ் பார் என்று திருத்தினேன்.
ஐம்பது கிலோ. உப்புத்தண்ணீர்த் தொட்டியில் உறைவது,
கடலூர் முதுநகர் துறைமுகத்தில்
விடியற்காலை மூன்று மணிக்கு உடைபடுவது.

பழைய நோட்டுகளைப் பக்கம் பக்கமாய்
படம் பிடித்துக் கொடுத்தோம்.
எண்ணெய்க் கறை, அமோனியா நெடி ஏறிய தாள்.
என் ஏழு ஒன்றைப் போலிருக்கும்.
ஏழா ஒன்றா, ஏழா ஒன்றா என்று
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டது.
கேட்காமல் எழுதிக்கொண்ட இரண்டை
பர்ஜானா பிடித்தாள்.

பிறகு சொன்னது:
பௌர்ணமியை ஒட்டி ஐந்து நாள் விற்பனை இறங்குகிறது.
இது துறைமுகத்து நாய்க்கும் தெரியும்.
நிலா காய்ந்தால் வலை காயும்.
எத்தனை இறங்குகிறது என்றுதான்
பதினாறு வருஷமாய் நான் எண்ணிப் பார்க்கவில்லை.
நாளொன்றுக்கு முப்பத்தெட்டு பார்.
அந்த ஐந்து இரவும்
இரண்டாவது கம்ப்ரஸருக்கு ஓய்வு கொடுத்தேன்.
கரண்ட் பில் வந்த அன்று
ஆபரேட்டர் மாசிலாமணி கேட்டார்,
மீட்டர் கெட்டுப்போச்சா?

ஆடி பிறந்து நாலாம் நாள்
பாக்கிப் பட்டியல் போடச் சொன்னேன்.
முதல் பெயர் கஜபதி, சோனங்குப்பம், விசைப்படகு,
தொண்ணூற்றாறு நாள்.
இவருக்குக் கடனை நிறுத்தலாம் என்று யோசனை வேறு.

நான் எழுதினேன்:
ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள்
விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, அரசாங்கத் தடை.
கரையில் கட்டிக் கிடக்கும் படகு சம்பாதிக்காது.
சம்பாதிக்காதவனுக்கு நாள் எண்ணக் கூடாது.

கடைசி வரி எந்த அரசாணையிலும் இல்லை.
இந்தத் துறைமுகத்தில் உண்டு.

கழித்தது.
கஜபதிக்கு முப்பத்தைந்து நாள், பதினோராம் இடம்.
பட்டியல் முழுக்க
சீட்டுக்கட்டாய்க் கலைந்து அடுக்கிக்கொண்டு
மேலே வந்து நின்ற பெயர்
கலிவரதன்.
ஓட்டல்களுக்கு வேனில் மீன் ஏற்றுகிறவன்.
படகு கிடையாது, தடைக்காலம் கிடையாது.
இருநூற்றுப் பன்னிரண்டு நாள்.

என் தம்பி.

பர்ஜானா டீ வாங்கப் போனாள்.
அப்போதுதான் குடித்திருந்தோம்.

நினைவூட்டல் கடிதம் எழுதட்டுமா,
கண்டிப்பாகவா இதமாகவா என்றது.
இதமாக.
"மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" என்று வந்தது.
தூளியில் நான் ஆட்டிய வாடிக்கையாளர்.
பெயரைப் போடு என்றேன், போட்டது.
தொகையை முதல் வரியில் வைக்காதே என்றேன்,
மூன்றாம் வரியில் வைத்தது.
மூன்று தவணையாகக் கட்டலாம் என்று
அதுவாகவே சேர்த்ததை
அப்படியே விட்டுவைத்தேன்.

நாலாவது தடவை படித்தபோது நன்றாகத்தான் இருந்தது,
நான் எழுதியதென்று அவன் நம்ப மாட்டாத அளவுக்கு.
அடியில் நானே ஒரு வரி போட்டேன்:
"நான் இப்படிப் பேசமாட்டேன்னு உனக்குத் தெரியும். கணக்கு சரிதான்டா."

அனுப்புவதை மட்டும்
அது என் விரலுக்கு விட்டிருந்தது.
ரொம்ப நேரம் விரல்
கம்ப்ரஸரோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு முதல் வரிசை டின்களைத் தூக்கினோம்.
கிரஷர் இரைச்சலில் போன் மினுங்கியது,
அவன் குரல் செய்தி, பதினோரு நொடி.
அதை இன்னும் கேட்கவில்லை.
கஜபதியின் ஆள் வந்து நின்றான்.
இருபத்தேழு பார் என்றான். கடன் என்றான்.
ஏத்து என்று சொல்லிவிட்டு
நோட்டில் எழுதினேன்,
ஏழின் குறுக்கே ஒரு கோடு போட்டு.