விதி மூன்று

முதல் வருஷம் கோப்பைக்குக் காசில்லை.
ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
விளையாட்டுச் சாமான் கடையில்
பாதி விலைக்குக் கிடைத்தது,
உச்சியில் ஒரு பித்தளைப் பூப்பந்துக்காரனோடு.
மட்டையை வளைத்து கிட்டார் ஆக்கித் தந்தார்
வெல்டிங் சூசைமுத்து.
இன்னமும் சர்வீஸ் போடும் தோரணையில்தான்
அவன் வாசிக்கிறான்.

சிறந்த குழுக் காணொளி, இரண்டாயிரத்துப் பதினொன்று.
வந்தவை ஆறு சீடி.
ஒன்று ஓடவில்லை, ஒன்றில் யாருடையதோ கலியாணம்.
மிச்ச நான்கில் வென்றது ‘கவ்வாத்து’:
ஐந்து பையன்கள், இரவல் கேமரா,
கொழுந்து மடுவத் தகரத்தில் மழை.
தாளம் அதுதான்.
மழை விட்டதும் பாட்டும் நின்றுவிடுகிறது.

விதிகளை எழுதியது நான்.
பொருளாளருக்குக் கையெழுத்து அழகென்று
தலையில் கட்டினார்கள்.
விதி மூன்று: குழு என்றால்
மூவருக்குக் குறையக் கூடாது.
ஏன் மூன்று என்று பிறகு பலர் கேட்டார்கள்.
அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்திருந்தது
மூன்று பேர்.

பதின்மூன்றில் பண்டாரவளையிலிருந்து ‘படங்கு’.
நாலு பெண்கள், மூவர் தையல் ஆலையில்.
நாலாமவளின் முகம் எந்த ஷாட்டிலும் இல்லை;
வீட்டில் தெரிந்தால் தொலைந்தாள்.
முகமில்லாதவளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது
என்றார் ஒரு நடுவர்.
கைகளை எண்ணினோம்.
எட்டு இருந்தது. கொடுத்தோம்.

பதினாறில் வென்றவர்கள் பதினேழில் பிரிந்தார்கள்.
கோப்பை மஸ்கெலியாவில்,
மூடி நோர்வூட்டில்.
டிரம்மர் நிரோஜனின் கலியாணப் பந்தலில்
இரண்டும் சந்தித்தன.
அதற்குள் யாரோ மூடியில் சாம்பிராணி போட்டிருந்தார்கள்.
இப்போது அது சரியாகப் பொருந்துவதில்லை,
அழுத்தினால் கிறீச்சிடும்.

இருபதில் விருதில்லை.
ரோட்டில் பொலிஸ், லயத்தில் மஞ்சள் நாடா.
வருஷத்தை மட்டும் வெட்டிக் கீழே வெறுமையாய் விடச் சொன்னேன்.
தகடு வெட்டுபவர் அதற்கும் காசு கேட்டார்.
கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது:
ஒன்றுமில்லாததற்கு, இருநூற்றைம்பது ரூபாய்.

இருபத்துமூன்றில் வந்தது ‘அரைப்பேர்’.
கனிஸ்டன் கொட்டகலையில், குளிரில் மூக்கு சிவக்க.
யுகராஜ் டோஹாவில், பாதி எழும்பிய கட்டிடத்தின்
பதினோராம் மாடியில்.
டிலோஜன் வெள்ளவத்தைக் கடையில்
அரிசி மூட்டைகளுக்கு நடுவே.
மேரி சுதர்ஷினி சைப்பிரஸில், ஒரு கிழவரின் சமையலறையில்,
அவர் விழித்துவிடாதபடி
அடிக்குரலில் பாடுகிறாள்.
திரை நாலாய்ப் பிரிந்திருக்கிறது.
ஒருவர் குரல் நிற்கும் இடத்தில்
அடுத்தவரின் குரல் அரை நொடி பிந்தி வருகிறது.
பிழையாம்; திருத்த நேரமில்லையாம்.
எனக்கு அந்த அரை நொடிதான் பாட்டு.

ஒரே இடத்தில் நில்லாதது குழுவா என்றார் தலைவர்.
மூன்று மணி நேரம், இரண்டு தடவை பிளேன்டீ.
பதினெட்டுக் கிலோ வராவிட்டால்
அரைப்பேர் போடும் கணக்கு
அங்கிருந்த எல்லோர் வீட்டிலும் தெரியும்.
ஒருவரும் அதைச் சொல்லவில்லை.
நாலுக்கு மூன்று, கிடைத்தது.

தகடு சிறிது.
நாலு பெயர், நாலு ஊர், இடம் காணாது,
பாதியை விடட்டுமா என்றார் வெட்டுபவர்.
முழுப்பேர் போடுங்கள் என்றேன்,
கொஞ்சம் சத்தமாகத்தான்.
சைப்பிரஸ் கோப்பையின் அடிப்பக்கத்துக்குப் போனது.
பார்க்க வேண்டுமென்றால் கவிழ்க்க வேண்டும்;
கவிழ்த்தால் மூடி விழும்.

இந்த வருஷம் நாற்பத்தொரு விண்ணப்பம்.
ஒன்றில் பாடுபவன் ஒருவன்,
கூடப் பாடுபவை இரண்டு கணினிக் குரல்.
இரண்டுக்கும் பெயர் வைத்திருக்கிறான்,
ஊரும் போட்டிருக்கிறான்: இரண்டும் வட்டவளை.
விதி மூன்றைத் திறக்க வேண்டியதுதான்.
ஞாயிறு காலை பத்துக்குக் கூட்டம் என்று
எல்லோருக்கும் மெசேஜ் போட்டேன்.
மழை. கினிகத்தேனையில் மண் சரிந்து
ரோடு மூடல்.
வந்தது நானும் சூசைமுத்தும்.
தீர்மானம் எடுக்க
ஒரு ஆள் போதவில்லை.