பதினேழாம் எண்

குழாயில் பெயர் இல்லை, எண் மட்டும்.
உள்ளே மருந்தா, வெறும் களிம்பா,
எனக்கும் தெரியாது என்றேன்.
"தெரியாமலா சின்னப்பாலம் வரைக்கும்
பஸ் ஏறி வந்தீக?"
நம்புநாயகி. பாசி எடுக்கிறவள். எண் பதினேழு.

காலை ஒரு தரம், இரவு ஒரு தரம்.
பூசினால் நாலு மணி நேரம்
தண்ணீர் படக் கூடாது.
அவள் நீர் வத்தும் நாட்களை
விரல் கணுவில் எண்ணினாள்,
கணு வீங்கியிருந்ததால் மெதுவாக.
"பாசிக்குப் போற பன்னெண்டு நாளும் முடியாது.
மிச்ச நாள் பூசுறேன்.
தண்ணிக்குள்ள வலி தெரியாது தாயி,
கரையிலதான்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் 'கடல்' என்று எழுதினேன்.

ஆறாவது வாரம் குழாயைக் கேட்டேன்.
பதினேழோடு பதினெட்டையும் நீட்டினாள்.
"பதினெட்டு பக்கத்து வீடுதான்.
அவளுது வலக்கைக்கு, என்னுது இடக்கைக்கு.
அவளும் அப்படியே.
ரெண்டுல ஒண்ணுலயாச்சும் இருக்கும்ல?"

சென்னையில் அரக்கு வைத்த உறைக்குள் கிடக்கிற விடை
இவள் விரல்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது.
இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு
"சொல்லவா?" என்கிறாள்.

கேட்டால் ஆறு வாரமும் வீண்.
கடைசி பஸ்சுக்கு
இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது.