இரண்டாம் பேஸ்மென்ட்டில் பைபாஸ்

ஞாயிறு, ஐந்தரை.
தண்ணீர் லாரி வருவதற்குள் முடிக்க வேண்டும்,
வந்தால் ராம்ப்பை மறித்துக்கொண்டு நிற்கும்.
எஞ்சின் இரவெல்லாம் ஆறிக் கிடந்தது.
தொட்டுப் பார்த்தேன், அம்மிக்கல்.

த்ராட்டில் பாடியின் அடிவயிற்றில்
சுண்டுவிரல் தடிமனில் இரண்டு ரப்பர் குழாய்.
ஒன்று வெந்நீர் கொண்டுவரும், ஒன்று கொண்டுபோகும்.
காற்று நுழைகிற வாசலில்
பனி உறைந்து கதவு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று
எந்த ஊர்க் குளிருக்கோ
யாரோ ஒரு எஞ்சினியர் பட்ட கவலை.
ஹெப்பாளில் எதற்கு?
இங்கே டிசம்பரில் உறைவது
தேங்காய் எண்ணெய் மட்டும்தான்.

குளிர்ந்த காற்று கனமான காற்று,
கனமான காற்றில் கூடுதல் நெருப்பு.
இரண்டு மாதமாக இதைத்தான்
சாப்பாட்டு மேசையில் மங்கைக்கு விளக்கினேன்.
"எத்தனை டிகிரி குறையும்?" என்றாள்.
ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

ஜே.சி. ரோட்டில் வாங்கிய பித்தளை இணைப்பான் ஒன்று,
கிளாம்ப் இரண்டு. நூற்றிருபது ரூபாய்.
குழாயைப் பிடுங்கியதும்
பச்சையாய்ச் சொட்டியது, பாதி வெட்டிய கேனுக்குள்.
இனிப்பாக இருக்குமாம், நாய்க்கு எமன்.
பதினேழாம் தூணடியில் படுத்திருந்த செவலை
மூக்கைத் தூக்கியது.
கேனின் மேல் பலகை, பலகை மேல் ஜாக்கி.

வருகிற குழாயையும் போகிற குழாயையும்
நேருக்கு நேர் கோத்துவிட்டேன்.
நடுவில் யாரும் கூப்பிடாத விருந்தாளியாக
த்ராட்டில்,
இரண்டு வெறும் மூக்குத் துளையோடு.

"ஏன் மாட்தா இதீரா சார்?"
வாட்ச்மேன் பசவராஜப்பா.
"பைபாஸ்."
அவர் கையில் டார்ச் ஒரு கணம் அசையாமல் நின்றது.
"யாரிகெ?"
பதில் சொல்ல நேரமில்லை, மேலே லாரி ஹாரன்.

ஏர்போர்ட் ரோடு காலி.
நாலாயிரம், ஐந்தாயிரம், ஆறு.
வேகம் கூடியதாகத்தான் பட்டது.
முழங்கைவரை கிரீஸ் ஆன பிறகு
எதுவும் கூடியதாகத்தான் படும்.

திரும்பி வரும்போது கொடிகேஹள்ளி சிக்னல்.
முள் இறங்கவில்லை.
ஆயிரத்தெண்ணூறில் நின்றுகொண்டு
நியூட்ரலில் கத்தியது கார்.
பக்கத்து ஆட்டோக்காரர்
அவ்வளவு அவசரமென்றால் நீயே முதலில் போ என்று
கை காட்டினார்.

ஓரங்கட்டி, பானெட்டுக்குள் போனை நீட்டினேன்.
ஓசூரில் இட்லியை மென்றபடி இனாசி கேட்டான்.
"மெழுகுடா. உள்ளே ஒரு மெழுகு வால்வு.
சூடு பட்டா விரியும்,
விரிஞ்சாத்தான் அந்தக் கூடுதல் காத்தை அடைக்கும்.
வெந்நீரை வெட்டிட்டே.
இனி அதுக்கு யார் போய்ச் சொல்றது?"

தொண்ணூறு டிகிரியில் பிளாக் தகிக்க
அந்த ஒரு சொட்டு மெழுகுக்கு மட்டும்
இன்னும் விடியவில்லை.
இப்போதுதான் எழுந்திருக்கிறோம்,
இன்னும் கொஞ்சம் விரட்டு, இன்னும் கொஞ்சம்
என்று வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு.

காற்று அங்கே தங்குவது
கண்ணிமைப்பதற்கும் குறைவு என்றான் இனாசி.
அதற்குள் என்ன பெரிதாகச் சூடாகிவிடும்?
சட்னியைத் தொட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஆறும்வரை காத்திருந்து
மதியம் பழையபடி மாட்டினேன்.
ஆயிரத்தெண்ணூறு.
காத்திருந்தேன்.
ஆயிரத்து ஐந்நூறு. செவலை வந்து முன்டயரை முகர்ந்தது.
ஆயிரத்து நூறு.
எண்ணூற்றைம்பதில் முள் உட்கார்ந்தது,
மாடியேறி வந்த ஆள் நாற்காலியில் உட்காருவதுபோல.

வீட்டில், ஆறு ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.
"மூணாவது மாடி ஷெனாய் கொடுத்துட்டுப் போனார்.
உன் அப்பாவுக்கு எப்படி இருக்குன்னு விசாரிச்சார்."
"நீ என்ன சொன்னே?"
"எல்லாம் திரும்ப மாட்டிட்டாங்க, இப்ப பரவாயில்லைன்னேன்."

ஃப்ரிட்ஜைத் திறந்து
நறுக்கி வைத்த தட்டை எடுத்தாள்.
பாக்கெட்டில் பித்தளை இணைப்பான்
தொடையைக் குத்தியது.
ஒரு துண்டைக் கடித்தேன். பல் கூசியது.
எத்தனை டிகிரி என்று
அவள் கேட்கவில்லை.