வைப்பு

மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் நான் அடுத்தாள்.
பெட்டியடிக்குப் பின்னே ஒரு பாய் அகலம் என் வீடு.
ராஜாக்களைப் பார்த்ததில்லை,
அவர்கள் நகைகளை நிறுத்திருக்கிறேன்.

தஞ்சோங் காத்தோங்கிலிருந்து
வெள்ளிதோறும் வரும் அந்தக் கறுப்புக் கார்.
பாக்குக் கடையில் அவளை வைப்பு என்பார்கள்.
எங்கள் தொழிலில் வைப்பு என்றால்
ஒருவர் நம்பி ஒப்படைத்துப் போனது.
பேரேட்டில் நான் எழுதியது:
ச்சே கல்சோம், பங்சாவான் நாடகக்காரி.

ஜலசந்திக்கு அப்பால் அவளுடைய துவாங்கு ஆளும் நாட்டை
வரைபடத்தில் என் கட்டைவிரல் மறைத்துவிடும்.
ஆனாலும் அங்கே ஈயச் சுரங்கம் தோண்ட வேண்டுமா,
மருமகனுக்கு மாஜிஸ்திரேட் நாற்காலி வேண்டுமா,
முதலில் இங்கே
கடலைப் பார்த்த வீட்டு வாசலில்
செருப்பைக் கழற்ற வேண்டும்.
அந்தச் செருப்புகளை எண்ணியே
ஈய விலை சொல்லுவான் தரகன் பூன் ஹோக்.
"பார்க்கலாம்" என்பாளாம், தேநீர் ஊற்றியபடி.
அடுத்த மாதம் அங்கே சபையில்
பன்னிரண்டு தலைகள் ஆடும்.

ரயில்பாதைக் கூலிகளின் லயத்தை இடிக்க
ஒருமுறை உத்தரவு ஒன்று தயாரானது.
கையெழுத்துக்குப் போகும் வழியில்
அவள் வெற்றிலைப் பெட்டிக்குள் போனது,
திரும்பவில்லை.
அந்த லயத்தில் இருந்தவர்கள் நம் ஆட்கள்.
அவள் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது.

புக்கித் தீமா குதிரைகள்
துவாங்குவை மூன்று சனிக்கிழமை கைவிட்ட வருடம்,
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள்.
நெல்லிக்காய் பருமன் மரகதம்.
மேலாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி துடைத்தார்.
"அம்மா, இது கிரீடத்தில்..."
"வட்டி எவ்வளவு?" என்றாள்.

எட்டு மாதம் ஒரு ராஜ்யம்
எங்கள் இரும்புப் பெட்டியில்
நாற்பத்தோராம் பொட்டலமாகத் தூங்கியது.
அந்த ஆண்டு தர்பாரில் பீரங்கி வெடித்தது,
ரெசிடென்ட் துரை தொப்பியைக் கழற்றினாராம்.
துவாங்கு தலையில் பளபளத்தது
அவள் நாடகத்தில் அணிந்த பச்சைக் கண்ணாடி.
மூன்று பேருக்குத் தெரியும்.
என்னைச் சேர்த்து நாலு.

வளையல் பதினாறையும் விற்றுக் கல்லை மீட்டாள்.
வட்டியில் ஒரு சென்ட் பாக்கியில்லை.

துவாங்கு மறைந்து நாற்பத்தோராம் நாள்
ரிக்‌ஷாவில் வந்தாள்.
வீட்டுச் சாவியை
மூத்த ராணியின் கணக்கர் வாங்கிக்கொண்டாராம், ரசீது தராமல்.
மேசையில் பச்சைக் கண்ணாடியை வைத்தாள்.

"இது கண்ணாடி அம்மா."
"தெரியும். ஒரு நாடே இதைக் கும்பிட்டது.
அதற்கு எவ்வளவு தருவீர்கள்?"

மேலாள் வாய் திறக்கவில்லை.
கடன் கேட்டு வந்தவர்க்கு
அந்தக் கிட்டங்கியில் யாரும் நாற்காலி போட்டதில்லை,
அன்று போடச் சொன்னார்.
அவள் காப்பியைப் பாதி குடித்தாள்,
தெருவில் டிராலிபஸ் ஒன்று கடக்கும்வரை பார்த்திருந்தாள்,
கல்லை எடுக்காமல் எழுந்து போனாள்.

தேவகோட்டையிலிருந்து கணக்குப் பார்க்க வந்தவர்
பக்கத்தைப் புரட்டிக் கேட்டார்:
"கண்ணாடி ஒன்று, சரி.
மதிப்பு ஏன் எழுதவில்லை?"
மசி தீர்ந்துவிட்டது என்றேன்.
"இனம் மட்டும் எழுதியிருக்கிறாயே?"
ஆமாம் என்றேன்.
வைப்பு.