மேக்கணக்கு

ஏப்ரல் சீசனுக்கு முன்னால்
தாழ்வாரத்துப் படங்களை இறக்கச் சொன்னார் மெனேஜர் வீரக்கொடி.
ஹனிமூனுக்கு வாற பிள்ளைகள்
இந்தக் கண்களைப் பார்த்துப் பயப்படுதாம்.

ஐந்து படம். ஐந்து நாற்காலி என்றுதான்
முதல் வருசம் நினைத்திருந்தேன்.
துடைக்கத் துடைக்கத் தெரிந்தது
ஒரே நாற்காலி, ஆள்தான் வேறு.
இடது கைப்பிடியில் அதே கீறல்,
மூன்றாமவர் காலத்தில் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.

பித்தளைப் பெயர்த்தகடுகளை
எனக்கு முன்னிருந்த எவனோ
பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டான்.
பின்மட்டையில் பென்சிலால் மட்டும்:
மூதவைத் தலைவர்.
ஐந்திலும் அதே எழுத்து, அதே இரண்டு சொல்.

எட்டு வருசம் காகிதம் நனைத்துத் துடைத்தவள் நான்.
எவருக்குக் காதோரம் மரு,
எவருக்கு அங்கி தோளில் நிற்காது,
எவர் படம் பிடிக்கும்போது தும்மலை அடக்கினார்
எல்லாம் தெரியும். பேர் தெரியாது.

ஒவ்வொன்றாய்ச் சுமந்து
கொட்டிலுக்கு வெளியே சாய்த்து வைத்தேன்.
நானுஓயாப் பக்கம் பனி ஏறிக்கொண்டிருந்தது.
பகல் நிறுவைக்குப் போகும் வழியில்
கூடையோடு நின்றாள் செபமாலை.

"யாரு புள்ள இவங்க?"
"கொழும்புல முன்ன மேல்சபைன்னு ஒன்னு இருந்திச்சு.
அதுக்குத் தலைவருங்க."
"மேக்கணக்கா?
கொழும்புல ஏது மலை?"

எங்கள் வாயில் கணக்கு என்றால் தோட்டத்துப் பிரிவு.
மேக்கணக்கில் குளிர், கீழ்க்கணக்கில் அட்டை.
துரை பங்களா என்றைக்கும் மேக்கணக்கில்தான்.
ஆகவே அவள் கேட்டது தப்பில்லை.

"தலைவருக்கு என்னா வேல?"
"பேசுறவங்கள பேர் சொல்லிக் கூப்புடுவாரு.
ஆம் என்போர்? இல்லை என்போர்? அப்புடின்னு கேப்பாரு.
எந்தப் பக்கம் சத்தம் கூடன்னு காதால எடை போட்டுச் சொல்லுவாரு."
"பெரட்டுக்களத்துல நம்ம கங்காணி மாதிரி."
"அவரு கை தூக்க மாட்டாரு.
ரெண்டு பக்கமும் சமமா வந்தாத்தான்
அவருக்கு ஒரு ஓட்டு."

செபமாலை கூடையை இறக்கியே வைத்துவிட்டாள். சிரிக்கத்தான்.
"இருவத்தாறு வருசமா கொழுந்து நிறுக்குறேன்.
ஈரத்துக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒன்னு.
அந்த முள்ளு நடுவுல நின்னு
நா பாத்ததே இல்ல. இவரு எப்ப ஓட்டுப் போடுறது?"

அப்புறம் சிரிப்பு நின்றது.
குனிந்து முதல் படத்தின் கண்ணாடியில்
மூச்சுப் படும் தூரத்துக்குப் போனாள்.
"நாப்பத்தெட்டுல நம்ம ஆளுக நாட்டுல இல்லன்னு
ஒரு சட்டம் போட்டாங்களே.
அது இவங்களத் தாண்டித்தான் போச்சா?"
"அந்தச் சபையையும் தாண்டித்தான்."
"இதுல எவரு அன்னிக்கி ஒக்காந்திருந்தது?"

ஐந்து வாயையும் பார்த்தோம்.
ஒன்றில் பல் தெரிகிறது, ஒன்று மீசைக்குள்.
எந்த வாய் 'ஆம் என்போருக்கே' என்று முடித்துவைத்தது?
ஒருவேளை இந்த ஐந்தில் எதுவும் இல்லை.
ஆணித்துளை நான்கு, ஆணித்துளை நான்கு.
எனக்கு அவர்மேல் கோபப்படவும் வழியில்லை.

கீழே மடுவத்தில் தகரம் தட்டிவிட்டார்கள்.
செபமாலை ஓடினாள்.
போய்ச் சேர்வதற்குள் தராசைக் கழற்றியிருந்தார்களாம்.
பொழுதுபட்டு வந்து வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சொன்னாள்:
"அரைப்பேர்தான் போட்டாரு கணக்கப்பிள்ள.
ஒன்னோட தலைவருங்களப் பாக்க நின்னதுக்கு."

படங்களை உள்ளே தள்ளி
முகத்தை முகம் பார்க்க அடுக்கினேன்.
பூட்டுவதற்கு முன் சும்மா கேட்டேன்,
குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டு:
செபமாலைக்கு அரைப்பேர் போட்டது சரி,
ஆம் என்போர்?
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
இல்லை என்போர்?
கூரைத் தகரத்தில் மழை
அப்போதுதான் பிடித்தது, மொத்தமாய்.

எண்ணிச் சொல்ல ஆளில்லை.
மூன்றாம் நம்பர் அறையில் மணியடித்தார்கள்,
துவாய் வேண்டுமாம்.